ஐயர் அனுப்புகிற ஆபீஸ்

சாமியிடம் பேச ஆள் வேண்டும் என்பவர்களுக்கு ஆள் அனுப்புவது என் வேலை. அனுப்பின ஆள் ஏன் இன்னும் வரவில்லை என்று அவர்கள் கத்தும்போது காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்பதும் என் வேலைதான். கேஸ் ஏஜென்சி, கொரியர், ஆஸ்பத்திரி ரிசப்ஷன் என்று எங்கேயாவது போன் எடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். "லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிற கூட்டம் நாம்.

மைசூர் மண்டி மொஹல்லாவில், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். இரண்டு போன், ஒரு கம்ப்யூட்டர், பாதி வேகத்தில் சுற்றுகிற ஒரு ஃபேன். முதலாளி ரகு சார். பெங்களூரில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து, கிரகப்பிரவேசமோ திவசமோ ஒரே போனில் புரோகிதர் என்று ஆரம்பித்தவர். ஒரு போன் என்னிடம். இன்னொன்று ஷாஹின் அக்காவிடம். அவர் பக்கத்துச் சந்தில் பிறந்து வளர்ந்தவர், எந்த வீட்டில் எந்தப் பூஜைக்கு எத்தனை தேங்காய் என்பது அவருக்கு அத்துப்படி.

நான் காவ்யா. இரண்டாம் பியூசியை, அதாவது பிளஸ் டூவை, பாதியில் விட்டவள். அப்பா செத்ததால் படிப்பு நின்றது என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்கு அக்கவுண்டன்சி பிடிக்கவில்லை. தமிழ், கன்னடம் இரண்டிலும் சண்டை போடுகிற அளவுக்குப் பேச்சு வரும் என்பதால் ரகு சார் வேலை கொடுத்தார்.

அப்பா போன ஆவணியில் போனார். ஹனூரிலிருந்து வந்து இங்கே ஆட்டோ ஓட்டியவர். ஆட்டோவுக்குப் பின்னால் கன்னட எழுத்தில் "காவ்யா" என்று என் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார். ஸ்கூலில் அதைச் சொல்லிச் சொல்லியே என் மானத்தை வாங்கினார்கள். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. பொம்பளைப் பிள்ளை கொள்ளி வைக்கக்கூடாது என்று சித்தப்பாவை வைக்கச் சொன்னார்கள். வைத்தார். காரியம் முடிந்ததும், சும்மா நின்றால் வண்டி கெட்டுவிடும் என்று ஆட்டோவை எடுத்துக்கொண்டு நஞ்சன்கூடு போனவர், அதற்குப் பிறகு எங்கள் போனை எடுப்பதில்லை.

இப்போது தலைத்திவசம் வருகிறது. அதுவும் அவர் கையால் நடப்பதில் எனக்கு இஷ்டமில்லை. நானே செய்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மந்திரம் சொல்லிவைக்க ஒரு ஐயர் வேண்டும், அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் ஐயர் அனுப்புகிற எனக்கு அந்த ஒரு ஐயர் கிடைக்கவில்லை. வீட்டில் ஊதுபத்தி உருட்டிக்கொண்டே, கரி அப்பின கையோடு, அம்மா தினமும் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"உங்க ஆபீசுல அத்தன ஐயருங்க இருக்காங்களே புள்ள, உங்கப்பனுக்கு ஒருத்தரு வர மாட்டாரா?"

எத்தனையாவது மாடி

யார் போன் செய்தாலும் முதலில் என்ன விசேஷம் என்று கேட்க வேண்டும் என்பது ரகு சார் சொல்லிக்கொடுத்தது. நான் முதலில் கேட்பது எத்தனையாவது மாடி என்று. காரணம் கிட்டு சாஸ்திரி. எங்களிடம் இருப்பவர்களில் தமிழ், கன்னடம் இரண்டிலும் பிசகில்லாமல் நடத்திவைப்பவர் அவர் ஒருவர்தான். அதனால் அவரைத்தான் எல்லாரும் கேட்பார்கள். ஆனால் முழங்கால் போய்விட்டது. தரைத்தளம் என்றால் அரை மணி முன்னால் போய்க் கோலம் சரியில்லை என்று வீட்டுக்காரர்களைத் திட்டிக்கொண்டிருப்பார். முதல் மாடி என்றால் சரியான நேரத்துக்குப் போவார். அதற்கு மேலே என்றால் ராகுகாலம் முடியட்டும் என்பார், எமகண்டம் முடியட்டும் என்பார், ஸ்கூட்டரில் பெட்ரோல் இல்லை என்பார்.

ஒரு தடவை லிஃப்ட் இருக்கிறது என்று நம்பி அவரை மூன்றாவது மாடிக்கு அனுப்பிவிட்டேன். லிஃப்ட் இருந்தது. கரண்ட் இல்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று எனக்குப் போன் செய்து, மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, வீட்டுக்காரர்கள் எல்லாரும் கேட்கும்படியாகச் சொன்னார்.

"சொர்க்கத்துக்கு வேணும்னா வழி காட்டறேம்மா, இந்த மூணாவது மாடிக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே."

போட்டோவுக்கு ஏற்ற ஐயர்

கல்யாணத்தை மொத்தமாக ஏற்றுச் செய்கிற ஒரு அம்மாள் அடிக்கடி கூப்பிடுவார். மேடை, பூ, சாப்பாடு, ஐயர் எல்லாம் அவர் பொறுப்பு. எந்த ஊர் வழக்கம், பெண் வீடு எந்தப் பக்கம், மாப்பிள்ளை வீடு எந்தப் பக்கம் என்று நான் கேட்டால் எரிச்சல்படுவார். அதெல்லாம் அப்புறம், முதலில் புரோகிதர்களின் போட்டோ அனுப்பு என்பார். அனுப்பினேன். கிட்டு சாஸ்திரி வேண்டாம், தொப்பை பெரிது, பெண்ணின் பட்டுப்புடவை மறையும் என்றார். இன்னொருவருக்குப் பல் சரியில்லை. கடைசியில், வேத பாடசாலையை முடித்து அப்போதுதான் வந்திருந்த ஒல்லியான ஒருவரைப் பிடித்துப்போனது. அவருக்குக் கல்யாண மந்திரம் இன்னும் முழுசாகக் கைவரவில்லை, கூட ஒரு பெரியவரையும் அனுப்புகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன்.

பெரியவர் போட்டோ ஃப்ரேமுக்குள் வருவார், வேண்டாம் என்றார். மந்திரம் தப்பினால் பரவாயில்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது என்று ரகு சார் கண்ணைக் காட்டினார். அந்த அம்மாள் கோபப்படவே இல்லை. எனக்கு உலகம் தெரியவில்லை என்கிற மாதிரிப் பொறுமையாகச் சொன்னார்.

"மேல டிரோன் பறக்கும்மா, அவர் என்ன சொல்றார்னு மாப்பிள்ளைக்கே கேக்காது."

உட்கார்ந்திருந்தவர்

விஜயநகரிலிருந்து ஒரு போன். அப்பா தவறிவிட்டார், காரியத்துக்கு ஆள் வேண்டும் என்று மகன் கன்னடத்தில் சொன்னார். வட கர்நாடகத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தானாம், யாரையும் தெரியாதாம். சாவு வீட்டில் ரொம்பக் கேள்வி கேட்கக்கூடாது என்று நானே ஒரு நாகரிகத்தை உண்டாக்கிக்கொண்டு, விலாசத்தை மட்டும் வாங்கி ஒரு பட்டரை அனுப்பிவிட்டேன். அவர் போய் முதலில் கேட்டது, விறகுக்குச் சொல்லியாகிவிட்டதா என்று. அந்த வீட்டில் குழி வெட்டச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் லிங்காயத்துகள். அவர்களுக்கு எரிக்கிற வழக்கம் இல்லை, பட்டரும் தேவையில்லை. அவர்களுக்கு நடத்திவைக்கிறவர் ஜங்கமர். ஐயனவரு என்று கூப்பிடுவார்கள். இறந்தவரை உட்கார வைத்து, விபூதி பூசி, பூ அலங்காரம் செய்து, அவர் கழுத்தில் போட்டிருந்த லிங்கத்தைக் கையில் வைத்து, உட்கார்ந்தபடியே அடக்கம் செய்வார்கள். பட்டர் அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்று எனக்குப் போன் செய்தார்.

மகனிடம் மன்னிப்புக் கேட்கக் கூப்பிட்டேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"பரவால்லம்மா, பட்டருக்குக் காபி குடுத்து அனுப்பிட்டோம். எங்க அப்பா உட்கார்ந்துதான் இருக்கார், நீங்க நிதானமா சரியான ஆளா பாத்து அனுப்புங்க."

சர்வ மத சேவை

அதற்குப் பிறகு ரகு சாருக்கு ஞானோதயம் வந்தது. தப்பு என் பேரில் இல்லையாம், ஆள் போதவில்லையாம். எல்லா மதத்துக்கும் ஆள் அனுப்பினால் இந்தக் குழப்பமே வராது என்று போர்டை மாற்றி எழுதினார். குழப்பம் அப்படித்தான் ஆரம்பமாகும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை.

முதல் போன், திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறின ஒரு குடும்பம். சனிக்கிழமை வீடு மந்திரிக்க ஒரு ஃபாதர் வேண்டும். நான் அந்தப் பக்கத்துச் சர்ச்சுக்குப் போன் போட்டேன். ஃபாதரே எடுத்தார், தமிழிலேயே பேசினார். எங்கள் வழக்கப்படி, எத்தனை மணிக்கு வருவீர்கள், எவ்வளவு நேரம் ஆகும், ரேட் என்ன, எத்தனையாவது மாடி வரை ஏறுவீர்கள் என்று வரிசையாகக் கேட்டேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். நல்ல மனுஷன், ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம் அந்தக் குடும்பத்தின் பெயரையும் தெருவையும் கேட்டார். அந்தத் தெரு அவருடைய பங்குக்குள்தான் இருக்கிறதாம், அவர்கள் வந்ததே அவருக்குத் தெரியாமல் போனது என்று வருத்தப்பட்டார். சனிக்கிழமை அவரே போகிறாராம், ஞாயிறு பூசைக்கு அவர்களை நான் வரச் சொல்ல வேண்டுமாம். ரகு சார் பக்கத்தில் நின்று ரேட், ரேட் என்று வாயை அசைத்தார். நான் இரண்டாவது தடவையும் கேட்டுத் தொலைத்தேன்.

"நான் அவங்க சாமியார், அவங்க என் ஜனங்க. நடுவுல நீ எதுக்கும்மா?"

ஷாஹின் அக்காவின் தம்பி

அடுத்து ரகு சார் ஷாஹின் அக்கா பக்கம் திரும்பினார். உங்கள் மதத்தில் புரோகிதர்கள் எத்தனை பேர் கிடைப்பார்கள் என்று கேட்டார். அக்கா கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நிக்காஹ் எழுதிவைக்கக் காஜி உண்டு, மசூதியில் ஹஜ்ரத் உண்டு, ஆனால் ரகு சார் நினைக்கிற மாதிரிப் புரோகிதர் என்று யாரும் கிடையாது என்றார். தொழுகைக்கு முன்னால் நிற்க ஒருவர் வேண்டும், ஓதத் தெரிந்த யாரும் நிற்கலாம். அவருடைய அப்பா இறந்தபோது ஜனாசாத் தொழுகைக்கு முன்னால் நின்றது, டயர் பஞ்சர் ஒட்டுகிற அவருடைய தம்பி. பெற்ற பிள்ளை நிற்பதைத்தான் விசேஷமாகச் சொல்வார்களாம். ரகு சார் முகம் விழுந்துபோய் உள்ளே போய்விட்டார்.

எனக்கு அதைக் கேட்டதும் சுருக்கென்று இருந்தது. வெளியாள் யாரும் இல்லாமல், பெற்ற பிள்ளையே அப்பாவுக்காக நிற்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அப்போது நீங்கள் எங்கே நின்றீர்கள் என்றும் கேட்டேன். வீட்டில், உள் அறையில் என்றார். தம்பிக்குப் பாதி ஓதும்போது மறந்துவிட்டதாம், வீட்டுக்கு வந்து சொல்லி அழுதானாம். அவனுக்குச் சின்ன வயதில் ஓதச் சொல்லிக்கொடுத்ததே அக்காதான். கதை முடிந்தது என்பதுபோல மறுபடி போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"அந்த ஒரு விஷயத்துல மட்டும் எல்லா மதமும் ஒரே ஆபீஸ்தான் காவ்யா."

பாஸ்டரின் ஜெபம்

போர்டைப் பார்த்துவிட்டுத் தானாக வந்து சேர்ந்தவர் ஒரு பாஸ்டர். சொந்தமாக ஒரு ஜெப வீடு வைத்திருக்கிறார், எந்த மாடியும் ஏறுவார், எந்த நேரமும் வருவார். அந்த வகையில் எனக்குப் பிடித்தமானவர். ஒரே கஷ்டம், போனை வைப்பதற்கு முன்னால் நமக்காக ஜெபம் செய்வார். லைனில் நான்கு பேர் காத்திருப்பார்கள், அவர் என் தலைவலிக்காக ஆண்டவரை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார். தலைவலியே அவரால்தான் என்று ஒரு நாள் சொல்லியும்விட்டேன். அதற்கும் சேர்த்து ஜெபித்தார்.

ஒரு நாள் எனக்கே சலித்துப்போய், அவர் ஜெபத்தை முடித்ததும் என் கதையைக் கொட்டினேன். அப்பா, திவசம், ஒரு ஐயரும் வர ஒப்புக்கொள்ளாதது. உடனே எங்கள் பக்கம் வந்துவிடு என்பார் என்று எதிர்பார்த்து, அதற்குப் பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. மறுபடி ஜெபத்தைக்கூட ஆரம்பிக்கவில்லை. அப்புறம் சொன்னது எனக்கு அன்றைக்கு முழுவதும் எரிச்சலாக இருந்தது. உண்மையாக இருந்ததால்தான் எரிச்சல் என்று நினைக்கிறேன்.

"செத்தவங்களுக்கு நாங்க ஒண்ணும் செய்யறதில்ல தங்கச்சி, இருக்கிறவங்களுக்குத்தான். உங்கப்பாவுக்கு ஒண்ணும் வேணாம், உனக்குத்தான் வேணும்போல இருக்கு."

மாப்பிள்ளை யோசனை

எங்களிடம் இருக்கிற புரோகிதர்கள் ஒருவர் விடாமல் எல்லாரையும் கேட்டேன். சும்மா சொல்லக்கூடாது, எல்லாரும் என்னிடம் மரியாதையாகத்தான் மறுத்தார்கள். ஒருவர் சாஸ்திரத்தில் இல்லை என்றார். ஒருவர் சாஸ்திரத்தில் இருக்கிறது, வழக்கத்தில் இல்லை என்றார். இன்னொருவர், பெண்ணிடமிருந்து ஒரு பிடி தர்ப்பையை வாங்கிக்கொண்டு புரோகிதரே செய்துவிடலாம், நான் வீட்டிலிருந்தால் போதும் என்றார். அதாவது நான் கொரியர் அனுப்ப வேண்டும். ஒருவர் மட்டும் அக்கறையாக யோசித்து ஒரு வழி சொன்னார்: சட்டென்று ஒரு கல்யாணம் செய்துகொண்டால் மாப்பிள்ளை செய்யலாமாம். எனக்குப் பதினெட்டு முடிந்திருக்கிறது. அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட ஒரு மாப்பிள்ளை தேடுகிறேன் என்று எந்தத் தரகரிடம் போய்ச் சொல்வது? கிட்டு சாஸ்திரி காரணம் எதுவும் சொல்லவில்லை. "அதெல்லாம் வேண்டாம்மா" என்று போனை வைத்துவிட்டார்.

நான் நல்லவள் இல்லை, உங்களிடம் சொல்வதற்கென்ன. அன்றிலிருந்து மறுத்தவர்களுக்கெல்லாம் மாடி வீடாகப் பார்த்துக் கொடுத்தேன். லிஃப்ட் இல்லாத வீடாகத் தேடித் தேடிக் கொடுத்தேன். இரண்டாவது மாடிக்கு ஒருவர், மூன்றாவது மாடிக்கு ஒருவர், மொட்டைமாடிக் கொட்டகையில் ஹோமம் என்றால் அது கிட்டு சாஸ்திரிக்கு. அவர்கள் எல்லாரும் தாமதமாகப் போனார்கள், வீட்டுக்காரர்கள் எல்லாரும் போன் செய்து கத்தினார்கள், அந்தப் போன்களில் பாதி ஷாஹின் அக்காவுக்குப் போயின.

"நீ ஐயருங்களைத் தண்டிக்கலை, மேல குடியிருக்கிற பாவப்பட்டவங்களையும் என்னையும்தான் தண்டிக்கிற."

அம்மா ஏற்பாடு செய்தது

இதற்கு நடுவில் அம்மா பொறுமை இழந்துவிட்டாள். எனக்குத் தெரியாமல், நஞ்சன்கூட்டில் இருக்கிற ஒரு சொந்தக்காரர் மூலமாகச் சித்தப்பாவுக்குச் சொல்லியனுப்பினாள். ஒரு வருஷமாகப் போனை எடுக்காதவர் உடனே கூப்பிட்டார். அண்ணனுக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்யப் போகிறேன், ஸ்ரீரங்கப்பட்டணத்து ஆற்றங்கரைக்கு நேராக வந்துவிடுகிறேன் என்றார். குரலில் அவ்வளவு பாசம். வண்டியைப் பற்றி அவர் பேசவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

நான் சண்டை போட்டேன். தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். என்னைக் கேட்காமல் எப்படிச் சொல்லலாம், இத்தனை பேரிடம் நான் எதற்காகப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன் என்று கத்தினேன். அம்மா பதிலுக்குக் கத்தவில்லை. உருட்டின ஊதுபத்திகளைக் காய வைக்கப் பரப்பிக்கொண்டே பேசினாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"அவன் கை எனக்கும்தான் புடிக்கல. அதுக்காக உங்கப்பன் அன்னிக்கு வெறும் வவுத்தோட நிக்கோணுமா?"

இரண்டாவது மாடிப் படி

திவசத்துக்கு முந்தின வாரம் கிட்டு சாஸ்திரியிடமிருந்து போன். நான் அனுப்பின மூன்றாவது மாடி வீட்டுக்குப் போகிற வழியில், இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டாராம். மேலே ஏறவும் முடியவில்லை, கீழே இறங்கவும் மனசில்லை. இந்த வாரம் முழுக்க மாடி, இதற்கு முந்தின வாரமும் மாடி, உனக்கு என்மேல் என்ன கோபம் என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

சொன்னேன். எங்கப்பா திவசத்துக்கு நீங்கள் வரமாட்டேன் என்றதுதான் கோபம் என்று நேராகச் சொன்னேன். அவர் முதல் தடவையாகக் காரணம் சொன்னார். சாஸ்திரம் ஒன்றும் தடையில்லை, பெண் செய்யலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. யாரோ ஒருவர் கர்த்தாவாக உட்கார வேண்டும், செய்கிறது அவர்தான், புரோகிதன் சொல்லிக்கொடுக்கிறவன் மட்டுமே. அந்த இடத்தில் பொம்பளைப் பிள்ளையை உட்கார வைத்தேன் என்று தெரிந்தால், நாளைக்கு நாலு பேர் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்றார். அவருக்குப் பயம். அதைச் சாஸ்திரம் என்று பூசி மெழுகாமல் பயம் என்றே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் விடவில்லை.

"உங்களைக் கூப்பிடறது நாலு பேர் இல்ல சாமி," என்றேன், "நான்தான்."

படியில் யாரோ அவரைத் தாண்டிப் போகிற சத்தம் கேட்டது. அதற்கு அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"இனிமே லிஃப்ட் இருக்கற வீடா பாத்துக் குடுப்பியோ?"

ஆற்றங்கரை

காலையில் நானும் அம்மாவும் பஸ்ஸில் ஸ்ரீரங்கப்பட்டணம் போனோம். சித்தப்பாவை வர வேண்டாம் என்று சொல்லிவிடு என்று அம்மாவிடம் எவ்வளவோ சொல்லியும் அவள் கேட்கவில்லை. உன் ஐயர் கடைசி நிமிஷத்தில் வராமல் போனால் என்ன செய்வது என்றாள். கிட்டு சாஸ்திரியைப் பற்றி எனக்குத் தெரியும் என்பதால் என்னால் அடித்துப் பேச முடியவில்லை.

சாஸ்திரி வந்திருந்தார். படித்துறையில் எத்தனை படி என்று எண்ணிப் பார்த்துக் கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவும் வந்தார், புது வேட்டி, தோளில் துண்டு. அப்பாவின் ஆட்டோவில்தான் வந்தார். அதை அவர் நிறுத்தித் திருப்பினபோது பின்பக்கம் எங்களுக்குத் தெரிந்தது. என் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவர் மகன் பெயரை எழுதியிருந்தார். சுரண்டின இடத்தில் பழைய பெயிண்ட் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்கூலில் எனக்கு மானம் போன அதே எழுத்துத்தான். அது இல்லாததைப் பார்த்தபோது எனக்கு என்ன ஆயிற்று என்று எழுத எனக்குப் பொறுமையில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஆட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாஸ்திரி மனையைப் போட்டு, எள், தர்ப்பை எல்லாம் எடுத்து வைத்தார். சித்தப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு இப்போது சுலபமான வழி ஒன்று புது வேட்டியோடு எதிரிலேயே நின்றது. என்னைப் பார்க்காமல், பொதுவாகக் கேட்டார், கர்த்தா யாரு என்று. சித்தப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினாள்.

"காவ்யா. அந்தப் பேருதான் வண்டியில இருந்துச்சு."

சித்தப்பா என்னவோ சொல்ல ஆரம்பித்தார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவர் ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் மனையில் தெற்குப் பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். துப்பட்டாவை வலது தோளுக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார் சாஸ்திரி. விரலில் தர்ப்பை மோதிரம் நிற்கவில்லை, விரல் ஒல்லி என்று முணுமுணுத்துக்கொண்டே இறுக்கிக் கட்டினார். கோத்திரம் கேட்டார், தெரியாது என்றேன், சிவ கோத்திரம் என்று போட்டுக்கொண்டார். அப்பா பெயர் கேட்டார். மாதேசன் என்றேன், அவருக்குக் கேட்கவில்லை, இரண்டாவது தடவை சொன்னேன். அடுத்து ஒரு கிரகப்பிரவேசம் இருந்ததால் மந்திரத்தை வேகமாகத்தான் சொன்னார். நானே எடுத்துக் கொடுத்த புக்கிங் அது, குறை சொல்ல முடியாது. எள்ளையும் தண்ணீரையும் கட்டைவிரல் பக்கமாகச் சாய்த்து விட்டேன். முதல் தடவை மடியில் கொட்டியது. மறுபடி விடச் சொன்னார், விட்டேன். பிண்டத்தை ஆற்றில் விட்டதும், அம்மா பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

பக்கத்துப் படியில் வேறு குடும்பத்துக்குச் செய்துகொண்டிருந்த ஒரு பட்டர் ஆரம்பத்திலிருந்தே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல், இது என்ன புது வழக்கம், பெண் பிள்ளையை உட்கார வைத்திருக்கிறீர் என்று கன்னடத்தில் கேட்டேவிட்டார். கிட்டு சாஸ்திரி தர்ப்பையைப் பொறுக்கிக்கொண்டு, தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

"நான் என்ன பண்றது ஓய், ஆபீஸ்லேர்ந்து அனுப்பியிருக்கா."

எல்லா மதத்துப் போனையும் எடுத்துப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சாமி எங்கேயும் இருப்பார் என்கிறார்கள், ஆனால் அவருக்கும் நமக்கும் நடுவில் இருப்பவருக்கு முழங்கால் வலி.